எடிசனின் வலது கை

காப்பிய எடுத்துக்கிடுங்க டீச்சர், ஆறிப்போவுது. சீனி காணுமான்னு பாருங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீயன்னு எனக்குத் தெரியாதா? வள்ளியூர்ல இருந்து இந்த வெயில்ல பஸ் ஏறித் திசையன்விளைக்கு வந்தது என் சுகத்த விசாரிக்கவா? உங்க அக்கா மகளுக்கு எங்க எடிசனக் கேட்டிருக்கு. கேட்ட நாள்ல இருந்து நாலு பேரு நாலு விதமா உங்க காதுல போட்டிருப்பாவ. மொதப் பொண்டாட்டி ஏன் போனா, எப்படிப் போனா, அதத்தானே கேக்கணும்? நானே சொல்லுதேன். எங்களுக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல. எடிசன் கடையில இருக்கான், சாயங்காலந்தான் வருவான். தாராளமாப் பேசலாம்.

இஸ்ரவேல் தேசத்துல, கர்மேல் மலை மேல ஒரு ஊருல வச்சு எங்களுக்கு நடந்த அநியாயம் அது. நான் பக்கத்துல நின்னு பாத்தவ. என்ன விட ஆரு சரியாச் சொல்லுவா?

எடிசனப் பத்தி ஊர்ல ஆர வேணும்னாலும் கேளுங்க. அவன் அப்பா போனப்பறம் ஹார்டுவேர்ஸ் கடைய ஒத்தையில நின்னு தூக்கி நிறுத்துனவன். பீடி, சிகரெட்டு, குடி, ஒண்ணும் கெடையாது. கொயர்ல பேஸ் பாடுவான். அவன் குரல் எழும்புனா கோயில் சன்னல் அதிரும். கோவம் வரும். ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். வந்த வேகத்துல போயிரும். போனப்பறம் பச்சப்பிள்ள மாதிரி அழுதுருவான். அவன் அப்பாவும் அப்படித்தான் இருந்தாவ. அவியகூட ஒரு ஆயுசு நான் வாழலயா? ஒரு நாள் வெளிய சொல்லியிருக்கனா? ஆஸ்பத்திரில கேட்டாக்கூட, பாத்ரூம்ல வழுக்கிட்டுன்னுதான் சொல்லுவேன். குடும்பம்னா அப்படித்தான டீச்சர்.

அவ பேரு பெனிட்டா. நாகர்கோயில்காரி. அப்பா அம்மா இல்ல, ஒரே ஒரு அண்ணன், பேங்குல இருக்கான். நல்ல பிள்ளதான், நான் ஏன் பொய் சொல்லணும்? சோறு பொங்குவா, குழம்பு வைப்பா, எதுத்துப் பேச மாட்டா. ஆனா அவ பேசாம இருக்கதுலயும் ஒரு இது இருக்கும் டீச்சர். நாம ஒண்ணு சொன்னா நம்ம மொகத்தையே பாப்பா. பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவா. அந்தப் பார்வை இருக்கே, அது எடிசனுக்கு ஆகவே ஆகாது. "என்னட்டி பாக்க?"ன்னு கேப்பான். அப்பவும் பாத்துக்கிட்டேதான் இருப்பா.

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசத்துல ஒண்ணு தங்கிச்சு. அஞ்சாம் மாசம் விழுந்துட்டு. மாடிப்படியில அவளே விழுந்ததுதான். எடிசன் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். இப்படி ஒரு மாப்பிள்ளையான்னு நர்சுமாரெல்லாம் பேசிக்கிட்டாவ. அப்பந்தான் நான் சொன்னேன், மக்கா, கர்த்தர் நடந்த பூமிய ஒரு தடவ மிதிச்சிட்டு வருவோம், எல்லாம் சரியாவும்னு. எங்க சபையில இருந்து நாப்பது பேரு கெளம்புனோம். பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் கூட வந்தாவ.

எருசலேமெல்லாம் நல்லபடியா பாத்தோம். பெத்லகேம்ல நான் தரையில விழுந்து முத்தம் குடுத்தேன். சாக்கடல்ல எடிசன் மெதந்தான், போட்டோ இருக்கு, அப்பறம் காட்டுதேன். வினை எங்க ஆரம்பிச்சுதுன்னா, கானாவூர்ல.

கானாவூர் தெரியுமே, ஆண்டவர் தண்ணிய திராட்சரசமாக்கின எடம். அங்க போற புருஷன் பொண்டாட்டிய ஜோடி ஜோடியா நிக்க வச்சு, கல்யாண உடன்படிக்கையத் திரும்பவும் சொல்ல வைப்பாவ. எங்க கூட்டத்துல ஏழெட்டு ஜோடி. எல்லாரும் நல்லா, கண்ணுல தண்ணி வடியச் சொன்னாவ. எடிசன் முறை வந்துது. "ஆம், என் முழு மனதோடே"ன்னு அவன் சொன்ன குரல் கோயில் பூராவும் கேட்டுது. பாஸ்டரு இவ பக்கம் திரும்புனாவ. "பெனிட்டா, இந்த எடிசன உன் புருஷனா நேசிச்சுக் கனம்பண்ணி, சாகுற வரைக்கும் அவங்கூட வாழுவியா?"

இவ பேசல.

அம்புட்டு பேரும் பாக்காவ. பாஸ்டரம்மா மொகத்துல சிரிப்பு அப்படியே நின்னுட்டு. எடிசன் காது சிவந்து போச்சு. பாஸ்டரு ரெண்டாவது தடவ கேட்டப்பறந்தான், "ம்"ன்னா. "ஆம்"கூட இல்ல, "ம்". ஒரு ஆம்பளைக்கு அது எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி ஹோட்டல்ல, பக்கத்துல அவிய ரூம்ல என்னவோ விழுந்த சத்தம் கேட்டுது. நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டேன். புருஷன் பொண்டாட்டி விசயத்துல நாம தலையிடப்பிடாது.

மறுநாளும் அவன் சாப்பிடல. பஸ்ல சன்னலப் பாத்தே உக்காந்திருந்தான். அதுக்கு அடுத்த நாள்தான் கர்மேல் மலை.

மலை உச்சியில எலியா தீர்க்கதரிசி செலை இருக்கு டீச்சர். கையில வாளு. காலுக்குக் கீழ பாகால்னு பொய்த் தெய்வத்தோட தீர்க்கதரிசி ஒருத்தன் கெடக்கான், அவன் கழுத்த மிதிச்சுக்கிட்டு வாள ஓங்கி நிக்காவ. பாத்ததும் உடம்பு புல்லரிச்சுது. கர்த்தருக்கு வைராக்கியம் பாராட்டுனவருல்ல. எடிசன் அந்தச் செலைக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னான். அங்க இருந்து பாத்தா கீழ ஒரே பச்சப் பள்ளத்தாக்கு, அந்தக் கடைசியில கடலு. காத்துல நல்ல குளிரு.

அங்க இருந்து கொஞ்சம் எறங்குனா அந்த ஊரு. பேரு என் வாயில நுழையல. மலை மேலயே ரொம்பப் பழைய ஊரு. வீட்டுச் சுவத்துல இருக்க கல்லெல்லாம் ரோமர் காலத்துக் கல்லாம், இடிஞ்சத எடுத்து எடுத்துக் கட்டியிருக்காவ. துரூஸ்னு ஒரு ஆளுக அங்க இருக்காவ. அரபி பேசுவாவ, ஆனா முஸ்லிம் இல்ல. யூதரும் இல்ல, நம்மாளும் இல்ல. அவிய வேதம் என்னன்னு வெளியாளுக்குச் சொல்ல மாட்டாவளாம். மோசேயோட மாமனார் எத்திரோ இருக்காரே, அவரு அவியளுக்குப் பெரிய தீர்க்கதரிசியாம். நம்ம எலியாவையும் கும்பிடுவாவளாம். வயசான ஆம்பளைங்க கருப்புல தொளதொளன்னு கால்சட்டை, தலையில வெள்ளைத் தொப்பி, பெரிய மீசை. பொம்பளைங்க கருப்பு அங்கி, தலைக்கு வெள்ளை முக்காடு, எப்பவும் எடுக்க மாட்டாவ. கைடு பஸ்லயே சொன்னான், "வீட்டுக்கு வந்தவங்கன்னா இவங்க உயிரக் குடுப்பாங்க. ஆனா இவங்க வீட்டுக்குள்ள வச்சு யாரையும் அவமானப்படுத்தினா விட மாட்டாங்க"ன்னு. பாஸ்டரு அதத் தமிழ்ல சொல்லி, "நம்ம ஊரு மாதிரிதான்"ன்னாவ. எல்லாரும் சிரிச்சோம்.

மத்தியானச் சாப்பாடு ஒரு வீட்டுல. முன்னால திராட்சைக் கொடிப் பந்தல், அதுக்குக் கீழ நீள நீளமா மேசை. வீட்டுக்காரி என் வயசுதான் இருப்பா. உம் நஜீப்னு கூப்பிடுதாவ. நஜீபோட அம்மான்னு அர்த்தமாம். மூத்த மவன் பேரச் சொல்லித்தான் அங்க தாய்மாரக் கூப்பிடுவாவளாம். இங்க என்னை எடிசன் அம்மைன்னு கூப்பிடலயா? கேட்டதும் எனக்கு அந்தப் பொம்பள மேல ஒரு பிரியம் வந்துட்டு. என் கையப் பிடிச்சு உக்கார வச்சு, தட்டுல என்னென்னமோ வச்சா. கட்டித் தயிரு, அது மேல எண்ணெய், ஆலிவ் காய், மெல்லிசா வேட்டித் துணி மாதிரி ஒரு ரொட்டி.

அங்க ஒரு மலையாளத்துப் பிள்ள இருந்தா டீச்சர். லிஜின்னு பேரு, பத்தனம்திட்டைக்காரி. உம் நஜீபோட மாமனாரு மாடியில படுத்த படுக்கையாக் கெடக்காராம், அவரப் பாத்துக்கிட வேலைக்கு வந்தவ. நாங்க பேசுத சத்தம் கேட்டு ஓடி வந்தா. "நாட்டில் எவிடெயா அம்மே?", ஊர்ல எங்கன்னு கேட்டு அழுதே போட்டா. அரபியும் பேசுதா. எங்களுக்கும் அவியளுக்கும் நடுவுல அவதான் பேச்சு.

சாப்பாடு முடியப்போற நேரம். கவுத்துப் போட்ட இரும்புச் சட்டி மேல உம் நஜீப் ரொட்டி சுடுதா. இவள, பெனிட்டாவ, வா வான்னு கூப்பிட்டா. மாவு உருண்டைய ரெண்டு கைக்கும் மாத்தி மாத்தித் தட்டி விரிக்கணும். இவ தட்டுனது கிழிஞ்சு முழங்கையில தொங்கிட்டு. உம் நஜீப் என்னவோ சொன்னா, மவன் நஜீப் விறகு கொண்டாந்தவன் அதக் கேட்டுச் சிரிச்சான், இவளும் சிரிச்சா. சத்தமாச் சிரிச்சா டீச்சர். எங்க வீட்டுக்கு வந்து மூணு வருசத்துல நான் அந்தச் சிரிப்பக் கேட்டதில்ல. பல்லெல்லாம் தெரிய.

எடிசன் எந்திச்சான். எனக்குத் தெரியும், என் வயித்துல பெறந்தவன், அவன் எந்திக்க விதத்துலயே தெரியும். கிட்ட போயி, மெதுவாத்தான் சொன்னான், "இங்க வா." அவ மாவக் கையோட அவன் பின்னால போனா. நானும் போனேன்.

வீட்டுக்குப் பின்னால ஒரு முத்தம். நடுவுல பழைய காலத்துச் செக்குக் கல்லு, ஆலிவ் ஆட்டுனது, நம்ம ஆட்டுரல விட நாலு மடங்கு. சுத்திக் கல்லுச் சுவரு. பந்தலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு இரும்புக் கேட்டு. நான் கேட்டச் சாத்தித் தாப்பாளப் போட்டுட்டு, முதுகக் குடுத்து நின்னேன். நாப்பது பேரு வெளிய உக்காந்திருக்காவ, நம்ம சபைக்காரங்க. நாளைக்கு ஊர்ல போயி ஒண்ணுக்குப் பத்தாப் பேசுவாவ. மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

எடிசன் கேட்டான், "கானாவூர்ல ஏன் சும்மா நின்ன?"

அவ அந்தப் பார்வை பாத்தா. "யோசிச்சேன்."

"என்ன யோசிச்ச?"

"கோயில்ல வச்சுப் பொய் சொல்லணுமான்னு யோசிச்சேன்."

பாத்தீயளா? பேசாதவ, பேசுனா எப்படிப் பேசுதா பாத்தீயளா? எந்தப் புருஷன் தாங்குவான்?

அடிச்சான். ஒரே ஒரு அடிதான் டீச்சர். கன்னத்துல. அவ விழுந்துட்டா. விழுந்தவ எந்திக்கப் பாத்தா, அதுக்கு இன்னொண்ணு. அவ்வளவுதான். முடியப் பிடிச்சான், அது கேள்வி கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல, மொகத்த நிமித்துததுக்காகப் பிடிச்சான். அவ தல போயி அந்தச் செக்குக் கல்லுல இடிச்சுது. அந்தக் கல்லு ஓரம் கூரு. அந்தக் காலத்துக் கல்லு. ரெண்டாவது தடவ இடிச்சப்பந்தான் ரெத்தம் வந்துது. நெத்தி பிளந்து, புருவத்துல எறங்கி, ஒரு கண்ணு தெரியாத மாதிரி. மாவுக் கையால தொடச்சா, மாவு சிவந்து போச்சு. அவன் மிதிச்சான். வயித்துலன்னு கோர்ட்டுல சொன்னாவ. நான் பாத்தேன், இடுப்புலதான். ஷூ போட்டிருந்தான், அதான் தப்பாப் போச்சு. வீட்டுல செருப்பில்லாமத்தான்.

அவ சத்தம் போடல. அந்த ஒண்ண நான் ஒத்துக்கிடணும், அவ சத்தமே போட மாட்டா. என்னப் பாத்தா. ஒத்தக் கண்ணால என்னயே பாத்துக்கிட்டுக் கெடந்தா. "அத்தே"ன்னு ஒரு தடவ சொன்னா. நான், "போதும் மக்கா, ஆளு வந்துருவாவ"ன்னு சொல்லத்தான் செஞ்சேன். ரெண்டு தடவ சொன்னேன்.

சத்தம் போட்டது அந்த லிஜி. மாடி சன்னல்ல இருந்து பாத்திருக்கா. "ஐயோ, கொல்லுன்னே, கொல்லுன்னே!", கொல்லுதானேன்னு தொண்ட கிழியக் கத்துனா. அரபியிலயும் கத்துனா. ஒடனே என் முதுகுக்குப் பின்னால கேட்டு தடதடன்னு அதிருது. உம் நஜீப். அந்தப் பக்கம் அவ தள்ளுதா, இந்தப் பக்கம் நான் அமுக்கிப் பிடிச்சிருக்கேன். அவ பாஷ எனக்குத் தெரியாது, என் பாஷ அவளுக்குத் தெரியாது. "ஃபேமிலி, ஃபேமிலி"ன்னு சொல்லுதேன். "நத்திங், ஃபேமிலி"ன்னு சொல்லுதேன். கம்பி இடுக்கு வழியா அவ மொகம் தெரியுது, என் மொகத்துக்கு ஒரு சாண் தூரத்துல. என்னப் பாத்துக்கிட்டே கேட்ட விட்டுட்டுப் போயிட்டா. சரி, புரிஞ்சுக்கிட்டா, அவளும் ஒரு பொம்பளதானன்னு நெனச்சேன்.

அவ அடுப்படி வழியாச் சுத்தி ஓடி வந்தா. அந்த முத்தத்துக்கு அப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?

வந்தவ எடிசன ஒண்ணும் சொல்லல. நேரா போயி பெனிட்டா மேல அப்படியே கவுந்து படுத்துட்டா. கோழி குஞ்ச மூடுத மாதிரி. எடிசன் காலு ஏற்கெனவே வீசியாச்சு. வீசுன காலப் பாதியில நிறுத்த முடியுமா? அது உம் நஜீபோட கையில விழுந்துது. மணிக்கட்டு. "டக்"குன்னு கேட்டுது. அவ கத்துனா, ஆனா எந்திக்கல. எடிசன் அவள நீக்கத்தான் முக்காட்டப் பிடிச்சு இழுத்தான். அது கையோட வந்துட்டு. அவ தலமுடி நரச்சு, கட்டையா, அவிழ்ந்து விழுந்துது. அந்த வெள்ளத் துணி ரெத்தத்துல போயி விழுந்துது.

அந்த நேரத்துல கேட்டு தாப்பாள் தெறிச்சு, என்னையும் சேத்துத் தள்ளிக்கிட்டுத் தெறந்துது. நான் முட்டி பேந்து விழுந்தேன். நஜீப் வந்தான். அவன் பின்னால அவன் சித்தப்பன்மாரு ரெண்டு பேரு. மொதல்ல தாயப் பாத்தான். தல மூடாமக் கெடக்க தாயப் பாத்தான். அவன் மொகம் மாறுனத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் டீச்சர். எனக்குத் தெரிஞ்ச மொகம் அது. எடிசன் அப்பாவுக்கும் அப்படித்தான் மாறும், எடிசனுக்கும் அப்படித்தான் மாறும். ஒடனே நான் கையத் தூக்கி என் மொகத்த மூடிக்கிட்டேன். என்ன ஆரு அடிக்கப்போறா? பழக்கம்.

சுவத்தோரம் ஒரு மம்பட்டி சாத்தியிருந்துது. அதோட காம்பால அடிச்சான். மொத அடி தோளுல. எடிசன் "ஏல"ன்னு கத்திக்கிட்டுத் திரும்புனான், கையத் தூக்குனான், ரெண்டாவது அடி வலது முழங்கையில. விறகு முறியுத சத்தம். கை நடுவுல மடங்கி அந்தப் பக்கமாத் தொங்குது. எம்பிள்ள மண்டி போட்டுட்டான். சித்தப்பன் ஒருத்தன் அவன் வயித்துல எத்துனான், எடிசன் தின்னதெல்லாம் வாந்தியா வந்துது. நஜீப் காம்ப ரெண்டு கையாலயும் தலைக்கு மேல ஓங்கிட்டான். மலை மேல பாத்த அந்தச் செலை மாதிரியே நின்னான். கீழ எம்மவன். நான் "இயேசுவே"ன்னு கத்துனேன்.

உம் நஜீப் கீழ கெடந்தபடியே ஒரு வார்த்த சொன்னா. ஒரே வார்த்த. சத்தமாக்கூட இல்ல.

அவன் நிறுத்திட்டான். மூச்சு இரைக்குது, ஆனா ஓங்குனத எறக்கிட்டான். காம்பத் தூர வீசிட்டு, முக்காட்ட எடுத்து உதறி, தாயி தலையில போட்டான். அப்பறம் சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னு அழுதான். அம்புட்டு பெரிய ஆம்பள.

எனக்கு அது இன்னும் புரியல டீச்சர். கோவம் தலைக்கேறுனப்பறம் ஒரு ஆம்பள தாயி சொன்னா நிறுத்துவானா? நிறுத்த முடியுமா? நான் எம்புட்டு தடவ சொல்லியிருக்கேன்.

அப்பறம் கூட்டம். நம்ம சபைக்காரங்க எல்லாம் கேட்டுல முட்டிக்கிட்டு நிக்காவ. செல்போன வேற தூக்கிப் பிடிக்காவ. பாஸ்டரு ஓடி வந்து நடுவுல மண்டி போட்டு, ரெண்டு கையையும் கூப்புனாவ. எடிசன் பக்கத்துல போகல பாருங்க, அது எனக்கு வருத்தந்தான். அந்தப் பொம்பள காலடியில போயி மண்டி போட்டாவ.

வெள்ளைத் தலப்பாக் கட்டுன பெரியவரு ஒருத்தரு வந்தாரு, அந்த ஊருக்கு மூப்பரு மாதிரி போல. எல்லாரும் வழிவிட்டாவ. அவரு எடிசனுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னாரு, தண்ணி குடுக்கச் சொன்னாரு. கையக் கட்ட ஒரு ஆளு வந்தான். அப்பறம் லிஜியக் கூப்பிட்டு ஏதோ சொன்னாரு. லிஜி பெனிட்டா பக்கத்துல குத்தவச்சு, நெத்தியில துணிய அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே கேட்டா. மலையாளத்துலதான் கேட்டா, எனக்கும் புரிஞ்சுது. "மோளே, இவன்டெ கூடெ போணோ?" இவங்கூடப் போகணுமா?

"இல்ல"ன்னா.

பட்டுன்னு சொன்னா டீச்சர். கானாவூர்ல அம்புட்டு நேரம் யோசிச்சவ, இதுக்கு ஒரு நிமிசம் யோசிக்கல. பல்லு ஒண்ணு ஒடஞ்சு, வாயெல்லாம் ரெத்தமா இருந்துது, ஆனா அந்த "இல்ல" கேட்டுக்கு வெளிய நின்னவனுக்கும் கேட்டுது. அதுலதான் எங்க மானம் போச்சு. அடியில போகல.

பாஸ்போர்ட்ட கேட்டாவ. அவ பாஸ்போர்ட்டு என் கைப்பையிலதான் இருந்துது. எடிசந்தான் என்ன வச்சுக்கிடச் சொல்லியிருந்தான். சுத்தி அம்புட்டு பேரு நிக்கையில குடுக்காம என்ன செய்ய? நானே எடுத்துக் குடுத்தேன். உம் நஜீப் முறியாத கையால வாங்கி, பெனிட்டா மடியில வச்சா. வச்சுட்டு என்னப் பாத்து ஏதோ கேட்டா. லிஜி சொன்னா, "அம்மே, நீங்க எதுக்குக் கேட்டப் பிடிச்சீங்கன்னு கேக்கறா."

நான் சொன்னேன், "மானம். எங்களுக்கு மானம் பெருசுன்னு சொல்லு."

லிஜி சொன்னா. உம் நஜீப் ரொம்ப நேரம் என்னப் பாத்தா. கோவமாப் பாக்கல. கோவமாப் பாத்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பறம் மெதுவா, நாலஞ்சு வார்த்த சொன்னா. லிஜி துணியப் பிழிஞ்சு திரும்பவும் பெனிட்டா நெத்தியில வச்சா. "என்ன சொல்லுதா?"ன்னு கேட்டேன். "அது வேண்டா அம்மே"ன்னுட்டா. ரெண்டு தடவ கேட்டேன், சொல்லல. என்னத்தச் சொல்லியிருப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. காலையில பாத்திரம் தேய்க்கையில சில நாள் நெனப்பு வரும். வைதிருந்தா சொல்லியிருப்பாளே, வைய்யலன்னுதான் தோணுது.

அப்பறம் ஆம்புலன்சு, போலீசு, எல்லாம் வந்துது. எடிசன மலைக்குக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஆப்பரேசன் பண்ணி, கம்பி வச்சாவ. பக்கத்துலயே ஒரு போலீசு. நஜீபையும் பிடிச்சிட்டுப் போயிட்டு, அப்பறம் விட்டாவளாம். ரெண்டு பக்கமும் கேசு வேண்டாம், அந்தப் பிள்ளைய மட்டும் விட்டுரணும்னு அந்தப் பெரியவரு பேசி முடிச்சாரு. வீட்டுக்கு வந்த விருந்தாளி கைய முறிச்சுப் போட்டுட்டு, அவியளே நியாயமும் சொல்லுதாவ. இது எந்த ஊரு நியாயம் டீச்சர்?

பெனிட்டா ஆஸ்பத்திரில தையல் போட்டுட்டு, பஸ்ஸுக்கு வரல. திரும்புத நாள் வரைக்கும் உம் நஜீப் வீட்டுலதான் இருந்தா. நாங்க ஏர்போர்ட்டுல இருக்கையில உம் நஜீப் கைக்கட்டோட வந்து விட்டுட்டுப் போனா. ரெண்டு பேருக்கும் கட்டு, ஒருத்திக்குத் தல, ஒருத்திக்குக் கை. கட்டிப்பிடிச்சு நிக்காளுவ. பிளேன்ல பெனிட்டா பாஸ்டரம்மா பக்கத்துல சீட்டு மாத்தி உக்காந்தா. எங்க பக்கம் திரும்பவே இல்ல. திருவனந்தபுரத்துல அவ அண்ணன் வந்து நின்னான், கூட்டிட்டுப் போயிட்டான். இங்க வந்து போட்ட விவாகரத்து கேசும் கோர்ட்டுல முடிஞ்சு போச்சு. இப்ப நாகர்கோயில்ல ஒரு காலேஜுல வேல பாக்கா. பாத்தவங்க சொல்லுதாவ, நெத்தியில தழும்பு இருக்காம், ஆனா ஆளு நல்லாத் தேறிட்டாளாம்.

நாங்கதான் பட்டுட்டோம். பாஸ்டரு எடிசனக் கொயர்ல இருந்து நிறுத்தி வச்சிட்டாவ. சபையில ஆரும் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கா. அதனாலதான் வெளியூர்ல பொண்ணு தேடுதோம். உங்க அக்கா மகளுக்கும் அப்பா இல்லன்னு சொன்னாவ. பரவால்ல, இங்க ஒரு கொறையும் வராது.

நான் இம்புட்டும் எதுக்குச் சொன்னேன்னா, உங்க மனசுல பயம் இருக்கப்பிடாது பாருங்க. டாக்டரே சொல்லிட்டாரு, அந்த வலது கை இனிம தோளுக்கு மேல ஏறாதாம். கம்பி வச்சது வச்சதுதான். நீட்டலாம், எழுதலாம், ஓங்க முடியாது. பிள்ளைகிட்டச் சொல்லுங்க, பயப்படவே வேண்டாம்னு. சோறுகூட மொதல்ல நாந்தான் ஊட்டிவிட்டேன். அப்பறம் இடது கையப் பழக்கிட்டான். இப்ப கடையில மூட்டையே தூக்குதான்னா பாத்துக்கிடுங்க.

என்ன டீச்சர், எந்திச்சிட்டீய? காப்பிய தொடவே இல்ல. பொண்ணு பாக்க எப்ப வரணும்னு ஒண்ணும் சொல்லலயே.

எதப் பாக்கீய? இந்தக் கன்னமா? சேலத் தலப்பு நழுவிட்டு, வேற ஒண்ணும் இல்ல. இது போன வாரம். மீன் குழம்புல புளி கூடிப்போச்சு, என் தப்புதான். நீங்க ஒண்ணும் நெனைக்காதீய டீச்சர். இடது கைதான? வலது கை மாதிரி வலிக்கல.